கோழிக்கொண்டைக்குப் பெயர் எழுதும்போது

உரும்பிராயில் எங்கள் வளவில் கிணற்றடியிலிருந்து படலை வரைக்கும் கோழிக்கொண்டைதான். விதையெடுத்துக் கடித உறைகளில் போட்டு ‘சிவப்பு’, ‘மஞ்சள்’ என்று எழுதி வைப்பது என் வழக்கம். இந்தத் தையில் மஞ்சள் உறையை விதைத்தேன். பாதிக் கன்றுகள் சேவல் கொண்டையாக விரிந்தன, மீதி சாமரம் போல நிமிர்ந்தன. அதோடு நிறத்தை வைத்துப் பெயரிடுவதை விட்டுவிட்டேன்.

நிறத்தை மறந்துவிட்டுப் பூத்தலையின் உருவத்தைப் பாருங்கள். மூளை மடிப்புப் போலச் சுருண்டு அகன்றிருந்தால் அது கிறிஸ்டேட்டா குழு. தண்டின் வளரும் நுனி ஒரு புள்ளியாக நிற்காமல் கோடாக அகன்றுவிடுவதால் வரும் உருவம் அது. இறகுக் கொத்துப் போல மேல்நோக்கிக் கூம்பினால் புளுமோசா குழு. ஒல்லியான கதிராக, இளஞ்சிவப்பும் வெள்ளியுமாக இருந்தால் ஸ்பிக்காட்டா குழு. காட்டுச் செடியின் கதிரும் கிட்டத்தட்ட இப்படித்தான். அதன் இலையைத்தான் பண்ணைக்கீரை என்று சமைக்கிறார்கள்.

மூன்றுக்கும் இனம் ஒன்றுதான்: செலோசியா ஆர்ஜென்டியா. செலோசியா என்ற சாதிப்பெயர், அதாவது இரு சொற்பெயரின் முதற்சொல், எரிதலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. ஆர்ஜென்டியா என்றால் வெள்ளி நிறமானது. 1753 இல் சுவீடன் தாவரவியலாளர் லின்னேயஸ் கொண்டைப்பூவை செலோசியா கிறிஸ்டேட்டா என்று தனி இனமாகவே எழுதினார். அதனால் பழைய நூல்களில் அந்தப் பெயரைக் கண்டால் வேறு செடி என்று நினைக்க வேண்டாம்.

பூக்க முன்னர் தண்டங்கீரையோடு குழம்புவது இயல்பு, இரண்டும் ஒரே குடும்பம். வாடாமல்லியும் நாயுருவியும்கூட அந்தக் குடும்பம்தான். ஐயமிருந்தால் காய் முற்றும்வரை பொறுங்கள். தண்டங்கீரையின் சிறு காயில் ஒரு விதைதான் இருக்கும். கோழிக்கொண்டையின் காய் மூடி கழன்றது போலத் திறக்கும், உள்ளே பளபளக்கும் கறுப்பு விதைகள் பல இருக்கும். கொண்டையின் மேல்விளிம்பில் தேடிப் பயனில்லை, பக்கவாட்டில் கீழே பாருங்கள். எனக்கு இதைப் பார்ப்பதில் இன்னும் அலுப்பு வரவில்லை.

சரி, இனி எழுதுவோம். இலத்தீன் எழுத்தில் சாதிப்பெயரின் முதலெழுத்து பெரியது, இனப்பெயர் முழுவதும் சிறியது, இரண்டும் சாய்வெழுத்தில். கையால் எழுதினால் அடிக்கோடு போதும். அதன்பின் குழுவின் பெயர், சாய்வில்லாமல். கடையில் வாங்கிய விதைப் பைக்கற்றில் வர்க்கப் பெயர், அதாவது வளர்ப்போர் தெரிந்தெடுத்த வகையின் பெயர், இருந்தால் அதை ஒற்றை மேற்கோளுக்குள் சேருங்கள். வீட்டில் எடுத்த விதைக்கு அந்த வர்க்கப் பெயரை நான் எழுதுவதில்லை. தேனீக்கள் ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்குப் போய்வருகின்றன, பிள்ளைச் செடி தாயைப் போல வரும் என்று சொல்ல முடியாது. கடைசியில் நிறமும் விதையெடுத்த மாதமும்.

யோகட் கோப்பையை நீளவாக்கில் வெட்டினால் நல்ல பெயர்ப்பட்டி கிடைக்கும். பென்சிலால் எழுதுங்கள், பேனை மை வெயிலில் வெளிறிவிடும்.