இ.டி.ஐ. தொடங்குகிறீர்களா? முதலில் எண்களைச் சரிபாருங்கள்

பெரிய நிறுவனம் ஒன்று உங்களிடம் சரக்கு வாங்க ஒப்புக்கொள்கிறது. கூடவே, “ஆர்டர், இன்வாய்ஸ் எல்லாம் இனி இ.டி.ஐ. வழியாகத்தான்” என்று ஒரு தடித்த ஆவணமும் வந்து சேர்கிறது. உடனே எல்லோரும் மென்பொருள் தேடக் கிளம்புகிறார்கள். அதைக் கொஞ்சம் தள்ளிப்போடுங்கள். இ.டி.ஐ. என்றால் மின்னணுத் தரவுப் பரிமாற்றம்: ஆர்டர், இன்வாய்ஸ் எல்லாம் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினிக்கு நேராகப் போவது. சப்ளையர்களை இதில் இணைத்துவிடுவதுதான் என் வேலை. ஆர்டர் ஏன் நின்றது, சரக்கு ஏன் திரும்பி வந்தது என்று தோண்டிப் பார்த்தால், பெரும்பாலும் கோளாறு மென்பொருளில் இருக்காது. பொருளுக்கும் இடத்துக்கும் பேலட்டுக்கும் (பெட்டிகளை அடுக்கி அனுப்பும் தட்டு) கொடுத்த எண்களில்தான் இருக்கும்.

எந்தத் தரத்தைப் பின்பற்றுவது என்பதில் அதிகம் மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். வாங்குபவர் சொல்வதுதான். வட அமெரிக்காவில் என்றால் எக்ஸ்12. 1979இல் அமைக்கப்பட்ட குழு உருவாக்கியது. அதில் ஆர்டருக்கு 850, அனுப்புகை அறிவிப்புக்கு 856, இன்வாய்ஸுக்கு 810 என்று எண்களே பெயர். மற்ற இடங்களில் பெரும்பாலும் ஐ.நா.வின் எடிஃபாக்ட். சில்லறை வணிகத்தில், பார்கோடு எண்களை நிர்வகிக்கும் ஜிஎஸ்1 அமைப்பு அதைச் சுருக்கித் தந்த ஈன்காம். அங்கே ஆர்டர்ஸ், டெஸ்அட்வ், இன்வாய்க் என்று செய்திகளுக்குப் பெயர். வந்த ஆவணத்தில் பதிப்பு எண்ணை மட்டும் முதலில் தேடி வட்டமிட்டு வையுங்கள்: எடிஃபாக்டில் டி.96ஏ, டி.01பி என்பதுபோல இருக்கும். தரம் ஒன்றாகவே இருந்தாலும் பதிப்புக்குப் பதிப்பு குறியீடுகள் மாறும்.

சரி, எண்களுக்கு வருவோம். மூன்று போதும். விற்கும் பொருளுக்கு ஜிடிஐஎன். அலுவலகம், கிடங்கு, இறக்குமிடம் ஒவ்வொன்றுக்கும் 13 இலக்க ஜிஎல்என். அனுப்பும் ஒவ்வொரு பேலட்டுக்கும் 18 இலக்க எஸ்எஸ்சிசி. மூன்றுமே ஜிஎஸ்1 உங்கள் நிறுவனத்துக்குத் தரும் முன்னொட்டை வைத்து உருவாகின்றன. வேறு யாரோ வாங்கிய முன்னொட்டில் மலிவாகக் கிடைக்கும் எண்களைத் தொடாதீர்கள். வாங்குபவர் அந்த எண்ணைப் பதிவேட்டில் தேடும்போது உங்கள் பெயர் வராது.

அடிக்கடி சறுக்கும் இடம் ஒன்றைக் காட்டுகிறேன். ஒரு தனிப் பொட்டலத்தின் எண் 1234567890128 என்று வைத்துக்கொள்வோம். கடைசி 8 சரிபார்ப்பு இலக்கம். அதை விட்டுவிட்டு வலப்பக்கத்திலிருந்து இலக்கங்களை மாறி மாறி 3ஆலும் 1ஆலும் பெருக்கிக் கூட்டினால் 92 வரும். அடுத்த பத்தின் மடங்குக்கு 8 குறைகிறது, அதனால் 8. இதே பொட்டலத்தில் 12ஐ ஒரு பெட்டியில் அடைத்து விற்கும்போது, முன்னால் ஒரு 1 சேர்த்து 14 இலக்கமாக்கலாம். அப்போது பலர் கடைசி 8ஐ அப்படியே விட்டுவிடுகிறார்கள். தவறு. முன்னால் சேர்ந்த 1 மூன்றால் பெருக்கப்பட்டுக் கூட்டல் 95 ஆகிறது, எனவே சரிபார்ப்பு இலக்கம் 5. பெட்டியின் எண் 11234567890125. பின்னால் ஒரு நாள் பெட்டிக்கு 12க்குப் பதில் 10 பொட்டலம் என்று முடிவெடுத்தால் பெட்டிக்குப் புது எண் கொடுக்க வேண்டும். பழைய எண்ணை வேறு பொருளுக்குத் தூக்கிக் கொடுக்கவும் கூடாது. 2019 முதல் ஜிடிஐஎன் மறுபயன்பாட்டுக்கு இடமில்லை.

ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்றால், ஆர்டரின் நடுப்பகுதி இப்படித்தான் வரும்:

எல்ஐஎன்+1++1234567890128:எஸ்ஆர்வி'
க்யூடிஒய்+21:48'

முதல் வரி பொருள் (எஸ்ஆர்வி என்றால் அந்த எண் ஜிடிஐஎன்), இரண்டாவது வரி அளவு. 21 என்றால் ‘ஆர்டர் செய்த அளவு’. 48 என்பது 48 பொட்டலமா, 48 பெட்டியா? அளவு வரி அதைச் சொல்லவில்லை. மேலே உள்ள எண்தான் சொல்கிறது. வாங்குபவர் பதிவில் பொட்டல எண்ணும் உங்கள் பதிவில் பெட்டி எண்ணும் இருந்தால், 4 பெட்டி போக வேண்டிய இடத்துக்கு 48 பெட்டி போய் நிற்கும். அதனால் முதல் ஆர்டர் வருவதற்கு முன்பே ஓர் அட்டவணை போடுங்கள்: பொருளின் பெயர், பொட்டல எண், பெட்டி எண், பெட்டிக்கு எத்தனை, ஆர்டர் எந்த எண்ணில் வரும். அதை வாங்குபவரின் கொள்முதல் ஆளுக்கு அனுப்பி, எழுத்தில் ஒப்புதல் வாங்குங்கள். தொழில்நுட்ப ஆட்கள் மட்டும் பேசி முடித்துக்கொள்ளும் இணைப்புகளில் இந்த வேலை விட்டுப்போகிறது.

மேலே வரி முடிவில் வரும் ஒற்றை மேற்கோள் குறியையும் கவனியுங்கள். எடிஃபாக்டில் வழக்கமாக ஒரு வரி முடிந்ததற்கு அதுதான் அடையாளம். கூட்டல் குறியும் முக்காற்புள்ளியும் பகுதிகளைப் பிரிப்பவை. பொருளின் பெயரிலேயே இவற்றில் ஒன்று இருந்தால் முன்னால் கேள்விக்குறி போட வேண்டும், இல்லாவிட்டால் செய்தி நடுவிலேயே உடைந்துவிடும். சோதனைக்கு அனுப்பும்போது வேண்டுமென்றே இப்படிப்பட்ட பெயர்களைத் தேர்ந்தெடுங்கள்.

இனி மென்பொருள், இணைப்பு. மாதத்துக்குச் சில ஆர்டர்தான் என்றால் வாங்குபவர் தரும் இணையப் படிவமே போதும். அதிகமானால் இடையில் ஒரு சேவை நிறுவனம், அல்லது இணையம் வழியாகக் கோப்புகளைப் பாதுகாப்பாக அனுப்பும் ஏஎஸ்2 முறையில் நேரடி இணைப்பு. எதுவானாலும், ‘கிடைத்தது’ என்று திரும்பி வரும் பதில்களை ஒன்றோடொன்று குழப்பிக்கொள்ளாதீர்கள். ஏஎஸ்2 தரும் எம்டிஎன் ரசீது, கோப்பு பழுதில்லாமல் வந்து சேர்ந்தது என்று மட்டும்தான் சொல்லும். எக்ஸ்12இல் 997, எடிஃபாக்டில் கண்ட்ரல் என்ற பதில், இலக்கணப்படி படிக்க முடிந்ததா என்று சொல்லும். இந்த விலைக்கு, இந்தத் தேதிக்கு, இத்தனை தருகிறோம் என்ற வியாபார ஒப்புதல் தனி: 855, அல்லது ஆர்டர்எஸ்பி. எம்டிஎன் வந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்துவிட்டு, ஆர்டர் உள்ளே ஏறவே இல்லை என்பது சரக்கு இறக்க வேண்டிய தேதி தாண்டிய பிறகு தெரியவந்த நிறுவனங்களைப் பார்த்திருக்கிறேன். அனுப்பிய ஒவ்வொரு செய்திக்கும் எந்தப் பதில் எத்தனை மணி நேரத்தில் வர வேண்டும் என்று எழுதி வைத்து, வராவிட்டால் ஒரு மனிதருக்குத் தகவல் போகும்படி அமையுங்கள்.

என்னைக் கேட்டால், இந்தச் சங்கிலியில் உண்மையான பலன் தருவது அனுப்புகை அறிவிப்புதான். லாரி போய்ச் சேர்வதற்கு முன்பே அது போய்விட வேண்டும். இந்தப் பேலட்டில் இந்தப் பொருள், இத்தனை, இந்தத் தொகுப்பு எண், இந்தக் காலாவதித் தேதி என்று அது விவரிக்கும்; ஒவ்வொரு பேலட்டுக்கும் அதன் எஸ்எஸ்சிசி இருக்கும். அதே எண் பேலட்டில் ஒட்டிய லேபிளில் (00) என்ற முன்குறியோடு பார்கோடாக இருக்கும். இறக்குமிடத்தில் ஒருவர் அந்த ஒரே பார்கோடை ஸ்கேன் செய்தால் போதும், மொத்தப் பேலட்டும் கணக்கில் ஏறிவிடும். பெட்டி பிரித்து எண்ண வேண்டாம்.

ஆனால் இது வேலை செய்வதற்கு அறிவிப்பு நிஜத்தைச் சொல்ல வேண்டும். பல இடங்களில் ஆர்டரையே நகலெடுத்து அறிவிப்பாக அனுப்பும்படி மென்பொருளை அமைத்துவிடுகிறார்கள். ஏற்றும்போது இரண்டு பெட்டி குறைகிறது, அல்லது ஒரு பேலட்டில் இடமில்லாமல் அடுத்ததற்கு மாற்றுகிறார்கள். அறிவிப்பு பழையதையே சொல்கிறது. அந்தப் பக்கத்தில் இரண்டு மூன்று முறை கணக்கு இடித்தால் உங்கள் லேபிளை நம்புவதை நிறுத்திவிடுவார்கள். ஒவ்வொரு பெட்டியும் கையால் எண்ணப்படும், அபராதமும் வரும். எனவே பேலட் கட்டும் இடத்திலேயே ஸ்கேனர் இருக்கட்டும். பெட்டியை ஸ்கேன் செய்து பேலட்டில் வைத்து, பேலட்டை மூடிய பிறகே எஸ்எஸ்சிசி லேபிள் அச்சாகட்டும். லாரிக் கதவு மூடியதும் அறிவிப்பு போகட்டும். ஒரு முறை பயன்படுத்திய எஸ்எஸ்சிசியைக் குறைந்தது ஒரு வருடத்துக்கு மறுபடி தொடக்கூடாது என்பது விதி. 18 இலக்கத்தில் எண்களுக்குப் பஞ்சமில்லை, தொடர்ந்து ஏறுவரிசையில் போய்க்கொண்டே இருங்கள்.

இன்வாய்ஸ் பற்றி நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஆர்டர் எண்ணையும் அனுப்புகை எண்ணையும் குறிப்பிட்டு, நிஜமாக அனுப்பிய அளவுக்கு மட்டும் போட்டால், அந்தப் பக்கம் மூன்றையும் கணினியே ஒப்பிட்டுப் பணம் விடுவித்துவிடும்.

எக்ஸ்எம்எல், ஜேசான் போன்ற புதிய தரவு வடிவங்கள் வந்த பிறகு இந்தப் பழைய எடிஃபாக்ட் எதற்கு என்று கேட்பார்கள். பெப்போல் என்ற மின்னணு ஆவண வலையமைப்பு வழியாக யூபிஎல் என்ற எக்ஸ்எம்எல் வடிவத்தில் இன்வாய்ஸ் அனுப்பலாம், 2022இல் வந்த ஈபிசிஐஎஸ் 2.0 ஜேசானிலேயே சரக்கின் நகர்வைச் சொல்கிறது, நல்ல தரங்கள்தான். ஆனால் அவற்றிலும் உள்ளே போவது இதே பொருள் எண், இட எண், பேலட் எண். இன்று அட்டவணையை ஒழுங்காகப் போட்டவர் நாளைக்கு வடிவம் மாறினாலும் அதையே எடுத்துக்கொண்டு போகலாம்.

நேரடி ஓட்டத்துக்கு முன், முழுச் சுற்று ஒன்றைச் சோதனையாக ஓட்டுங்கள்: ஆர்டர், ஒப்புதல், குறைவாக அனுப்பிய ஒரு சரக்கு, இன்வாய்ஸ். பிறகு ஏஎஸ்2 இணைப்பைப் பாதுகாக்கும் மின்னணுச் சான்றிதழ் காலாவதியாகும் தேதியை இரண்டு பேரின் நாட்காட்டியில் குறியுங்கள், காலாவதிக்கு ஒரு மாதம் முன்னதாக. புதுச் சான்றிதழை வாங்குபவர் தன் பக்கத்தில் ஏற்றிவிட்டார் என்று பதில் வந்த பிறகே பழையதை எடுங்கள்.