புள்ளி வைத்த எழுத்திலிருந்து ஆங்கிலத்துக்கு: முதல் 4 வாரம்

மேலூரிலிருந்து பஸ் ஏறி மாட்டுத்தாவணியில் இறங்குகிற இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்கு பஸ், டிக்கெட், சீட், பேக், பிஸ்கட், போன், ஸ்டாப் எல்லாம் தெரியும். ‘இங்கிலீஷ் தெரியுமா?’ என்று கேட்டால் மட்டும் தெரியாது என்று தலையை ஆட்டும். சொல் காதில் இருக்கிறது, எழுத்துதான் கண்ணுக்குப் பழகவில்லை. அந்தச் சொற்களிலிருந்தே தொடங்குங்கள்.

ஆங்கிலம் வாசிக்கப் பழக்கும் இந்த முறை, தமிழில் எழுத்துக்கூட்டி வாசிக்கத் தெரிந்த 6 முதல் 8 வயதுப் பிள்ளைகளுக்கானது. ஒரு குழுவுக்கு 8 பேர், தினமும் 25 நிமிடம், வாரம் 5 நாள்.

வேண்டியவை

பழைய கல்யாணப் பத்திரிகைகளை 8 செ.மீ. சதுரமாக வெட்டிய 30 அட்டைகள், ஒரு கறுப்பு ஸ்கெட்ச் பேனா, தட்டு நிறைய மணல் அல்லது ரவை, செய்தித்தாளில் கிழித்த 2 செ.மீ. அகலம், 10 செ.மீ. நீளத் துண்டுகள், கழுவிக் காயவைத்த பிஸ்கட், சோப்பு உறைகள். அட்டையில் ஆங்கிலச் சின்ன எழுத்துகளை (ஸ்மால் லெட்டர்) மட்டும் எழுதுங்கள். கதைப் புத்தகத்தில் கண்ணில் படுபவை பெரும்பாலும் அவைதான். கடைப் பலகையில் இருக்கும் பெரிய எழுத்துகளை (கேபிடல் லெட்டர்) 4-ஆம் வாரத்தில் பார்த்துக்கொள்ளலாம்.

படி 1: முதல் 2 நாள், காது மட்டும்

அட்டையை எடுக்காதீர்கள். ‘பஸ்’, ‘பென்’ இரண்டையும் சொல்லி, முதல் ஓசை ஒன்றா வேறா என்று கேளுங்கள். தமிழில் இரண்டுக்கும் ‘ப’தான் எழுதுகிறோம், ஆனால் ஓசை வேறு. தொண்டையில் கை வைத்து இரண்டையும் மெதுவாகச் சொல்லச் சொல்லுங்கள். ‘பஸ்’ தொடங்கும்போதே தொண்டை அதிரும். ‘பென்’ என்னும்போது உதடு திறந்த பிறகுதான் அதிர்வு வரும். காகிதத் துண்டை உதட்டுக்கு முன்னால் பிடித்து ‘பென்’னைக் கொஞ்சம் ஊதிச் சொன்னால் துண்டு ஆடும், பிள்ளைகளுக்கும் வித்தியாசம் பிடிபடும். ‘டிக்கெட்–டாக்டர்’, ‘காபி–கேஸ்’ ஜோடிகளையும் இப்படியே செய்யுங்கள்.

இதனால்தான் ஆங்கிலச் சொல்லுக்கு மேல் தமிழில் எழுதிக்கொடுக்கும் வழக்கத்தை விட்டுவிடச் சொல்கிறோம். எழுதிக்கொடுத்தால் பிள்ளை தமிழை வாசித்துவிட்டுப் போய்விடும், கீழே இருக்கும் ஆங்கில எழுத்தைப் பார்க்கவே பார்க்காது.

படி 2: 6 எழுத்து, 6 ஓசை

முதல் வாரத்துக்கு எஸ், ஏ, டிக்கெட்டின் டி, பென்னின் பி, ஐ, என். நாளுக்கு இரண்டு போதும். எழுத்தின் பெயரைச் சொல்லாதீர்கள், ஓசையைச் சொல்லுங்கள். ‘எஸ்–ஐ–டி’யை எத்தனை முறை சேர்த்துச் சொன்னாலும் ‘சிட்’ வராது. ‘ஸ்–இ–ட்’ என்றால் வந்துவிடும். ஏபிசிடி பாட்டு பாடட்டும், நல்லதுதான். ஆனால் வாசிப்பை அதிலிருந்து தொடங்க முடியாது.

நம் பிள்ளைகளுக்கு இங்கே ஒரு பெரிய வசதி உண்டு. ப் + இ = பி என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். ‘தமிழில் ரெண்டும் சேர்ந்து ஒரே எழுத்தாயிடும். இங்க சேராம பக்கத்துல பக்கத்துல நிக்கும், அவ்வளவுதான்’ என்று சொல்லி, ப், இ, ன் ஓசைகளுக்கான மூன்று அட்டைகளை ஒரு விரற்கடை இடைவெளியில் வையுங்கள். விரலால் தொட்டுத் தொட்டுச் சொல்லி, பிறகு அட்டைகளை நெருக்கி ஒரே மூச்சில் ‘பின்’. அடுத்து டின், சிட், டிப், சிப். மெய்யோசைகளை எப்போதும் புள்ளி வைத்தே சொல்லுங்கள். நீங்கள் ‘ப, இ, ன’ என்றால் பிள்ளையின் வாயில் ‘பஇன’தான் வரும்.

ஏ எழுத்தின் ஓசைக்கு மட்டும் தமிழில் எழுத்து இல்லை. குழாய்க்கான ‘டேப்’பும் ஒட்டுகிற ‘டேப்’பும் தமிழில் ஒன்றுபோலவே எழுதப்படுகின்றன. குழாய் ‘டேப்’புக்குத் தாடையை நன்றாக இறக்கி, இரண்டு விரல் நுழையும் அளவு வாயைத் திறக்கச் சொல்லுங்கள். கண்ணாடி முன்னால் செய்தால் சீக்கிரம் வரும்.

படி 3: வாலில் ஒட்டும் உகரம்

கப்பு, புக்கு, பஸ்ஸு. இது சோம்பேறித்தனம் அல்ல. தமிழ்ச் சொல் வல்லின மெய்யில் முடியாது. நாக்கு, பாட்டு, காசு என்று குற்றியலுகரம் கூடவே வரும். பிள்ளை அந்த இலக்கணத்தைத்தான் இங்கேயும் கொண்டுவருகிறது, அதனால் திட்டாதீர்கள். ‘கப்’ சொல்லி முடித்ததும் உதட்டை மூடியபடியே மூன்று எண்ணும்வரை வைத்திருக்கச் சொல்லுங்கள். ‘சிட்’டுக்கு நாக்கு நுனி மேலேயே ஒட்டி நிற்கட்டும்.

‘இஸ்கூலு’ என்று முன்னால் வரும் இகரத்துக்குப் பாம்பு சீறுவதுபோல ‘ஸ்ஸ்ஸ்’ என்று நீட்டி, நிறுத்தாமல் ‘கூல்’. மேல் பல் கீழுதட்டைத் தொட்டால்தான் ‘ஃபேன்’, தொடாவிட்டால் தலையில் ஊரும் பேன்.

படி 4: 2-ஆம், 3-ஆம் வாரம்

எம், ஆர், சி, ஓ, ஜி என்று நாளுக்கு ஒன்று. பஸ்ஸின் பி-யையும் டாக்டரின் டி-யையும் ஒரே வாரத்தில் தராதீர்கள். சின்ன எழுத்தில் இரண்டும் கண்ணாடிப் பிம்பம், சேர்த்துத் தந்தால் மாதக்கணக்கில் குழம்பும். பஸ்ஸின் பி-யை மணலில் எழுதும்போது கோடு முதலில், வயிறு பிறகு. 10 நாள் கழித்து மற்றது: வயிறு முதலில், கோடு பிறகு.

வாக்கியத்துக்கு அட்டை வேண்டாம், பிள்ளைகளையே நிறுத்துங்கள். ‘நான்’, ‘பேனா’, ‘வாங்கினேன்’ என்று மூன்று பேர் வரிசையாக நிற்கட்டும். ஆங்கிலத்துக்கு ‘வாங்கினேன்’ ஓடிவந்து நடுவில் நிற்க வேண்டும். ‘ஐ பென் வான்ட்’ என்று சொல்லும் பிள்ளைக்கு, இப்படி ஒருமுறை தானே நடந்தால் வினைச்சொல் எங்கே நிற்கும் என்று புரியும்.

படி 5: 4-ஆம் வாரம், சோதனை

கூட்டமாக வாசிப்பதை நம்பாதீர்கள். இரண்டு பேர் வாசிக்க, ஆறு பேர் கத்துவார்கள். தினமும் இரண்டு பிள்ளைகளைத் தனியாக உட்காரவைத்து, 5 தெரிந்த சொற்களோடு, ‘நிஸ்’, ‘டிஸ்’ போலப் பொருளில்லாத 3 சொற்களையும் காட்டுங்கள். தெரிந்ததை வாசித்துப் பொருளில்லாததில் திணறினால் அது மனப்பாடம், படி 2-க்குத் திரும்புங்கள். ஓசைகளைத் தனித்தனியாகச் சரியாகச் சொல்லியும் கூட்ட வரவில்லையா? அட்டைகளை மறைத்துவிட்டு, நீங்கள் ‘ப்–இ–ன்’ என்று சொல்ல, பிள்ளை காதால் மட்டும் கூட்டட்டும். 3 நாள் இதைச் செய்துவிட்டு மறுபடி அட்டையை எடுங்கள்.