ஜாம்பிப் படைவீரன்: சிற்றுருவப் பொம்மையை மாற்றியமைத்து வண்ணம் தீட்டும் முறை

ஜாம்பிப் படைவீரன் முதலில் படைவீரன். ஜாம்பி என்பது அதற்கு அடுத்தபடிதான். இதை மறந்து உடல் முழுவதும் பச்சையையும் சிவப்பையும் அப்பிவிட்டால், மேசைமேல் நிற்பது எந்தக் கதையும் இல்லாத ஒரு பொம்மையாகவே இருக்கும். ஆகவே கத்தியைக் கையில் எடுப்பதற்கு முன்பே, இவன் எதனால் செத்தான், செத்து எத்தனை நாளாயிற்று என்னும் இரண்டு கேள்விகளுக்கும் விடையை முடிவு செய்துகொள்ள வேண்டும். பதுங்குகுழிச் சேற்றில் வாரக்கணக்கில் கிடந்தவனுக்கும் நேற்றிரவு கடிபட்டுச் செத்தவனுக்கும் தோலும் துணியும் இரத்தமும் வேறு வேறு நிறத்தில்தான் இருக்கும்.

வெட்டி ஒட்டுவதற்கு ஆள் உயரம் ஏறத்தாழ 28 மி.மீ. அளவுள்ள, பாலிஸ்டைரீன் என்னும் கெட்டியான பிளாஸ்டிக்காலான பொம்மைகளே மிகவும் ஏற்றவை. பிளாஸ்டிக் சிமென்ட் அவற்றின் இரு பரப்புகளையும் சற்றே கரைத்து ஒன்றாக்கிவிடுவதால் இணைப்பு உறுதியாக அமையும். ரெசின் எனப்படும் வார்ப்புப் பிசினால் ஆன பொம்மைகளுக்கும் உலோகத்துக்கும் அந்தப் பசை பயன்படாது. சூப்பர் குளூதான் வேண்டும். ரெசினைத் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்குக் கேடு என்பதால், முகமூடி அணிந்து, நீரில் நனைத்த உப்புத்தாளால் தேய்க்க வேண்டும். 1:72 அளவில் (உண்மை உருவத்தில் 72-இல் ஒரு பங்கு) வரும் மென்மையான பிளாஸ்டிக் வீரர்கள் கைக்கு எளிதாகக் கிடைத்தாலும், அவர்கள்மேல் வண்ணம் பிடிப்பது கடினம், வளைத்தால் உரிந்துவிடும். எந்தப் பொருளாக இருந்தாலும், பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த வெதுவெதுப்பான நீரில் கழுவி உலர்த்திய பின், வார்ப்பு அச்சின் இரு பாதிகள் சேரும் இடத்தில் எழும் அச்சுக்கோடுகளைக் கத்தியின் மழுங்கிய முதுகால் சுரண்டிவிட்டே வேலையைத் தொடங்க வேண்டும்.

ஒரு வீரனை ஜாம்பியாக்குவது காயங்களைவிட அவன் நிற்கும் விதமே. படைவீரப் பொம்மைகள் பெரும்பாலும் குறி பார்த்தும் தலை நிமிர்ந்தும் விழிப்பாக நிற்கும்படி வார்க்கப்பட்டிருக்கும். அந்த விழிப்பை உடைப்பதுதான் நமது வேலை. கழுத்தை நேராக வெட்டாமல் சாய்வாக வெட்டி, தலையை ஒரு தோள் பக்கமாகச் சரித்து ஒட்டினால், வேறெதுவும் செய்யாமலேயே உருவம் பாதி மாறிவிடும். ஒரு பாதத்தைக் கணுக்காலில் அறுத்து உள்நோக்கித் திருப்பினால் காலை இழுத்து நடப்பவன் கிடைப்பான். துப்பாக்கியைக் கையிலிருந்து நீக்கிவிடுங்கள். செத்தவன் குறி பார்ப்பதில்லை. அதை முற்றிலும் தூக்கி எறியாமல், மெல்லிய உலோகத் தகட்டிலிருந்து ஒரு பட்டி நறுக்கி, முழங்கைக்குக் கீழே தொங்கும்படி மாட்டிவிட்டால், அவன் ஒரு காலத்தில் யாராக இருந்தான் என்பது அதிலேயே தெரியும்.

அறுந்த கை ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்கையை முழங்கைக்குச் சற்றுக் கீழே அறுத்துவிட்டு, கைத்துளைப்பானால் நடுவில் 0.5 மி.மீ. துளைகள் இரண்டை அருகருகே போட்டு, நீளம் ஒத்திராத இரு கம்பித் துண்டுகளைச் செருகி ஒட்ட வேண்டும். முன்கையில் எலும்பு இரண்டு என்பதால் கம்பியும் இரண்டு. பிறகு சட்டைக் கையின் விளிம்பைக் கத்தி நுனியால் குடைந்து மெலிதாக்கி, ஒழுங்கற்ற முக்கோணங்களாகக் கீறினால் கிழிந்த துணி வந்துவிடும். தசைக்கு இருபகுதி எப்பாக்சி புட்டி, அதாவது இரண்டு பகுதிகளைச் சேர்த்துப் பிசைந்தால் இறுகும் களிம்பு, தேவை. மஞ்சளும் நீலமும் ஒட்டிய நாடாவாக அது வரும்போது, இரு நிறமும் தொட்டுக்கொண்டிருக்கும் நடுக்கோடு ஏற்கெனவே இறுகிப்போயிருக்கும். அதை வெட்டி எறியாமல் பிசைந்தால் கட்டி கட்டியாகத் தட்டுப்படும். கையுறை அணிந்து, ஒரே பச்சை நிறமாகும்வரை பிசைந்து, கருவியை நீரில் தொட்டுத் தொட்டு வேலை செய்யுங்கள். ஏறத்தாழ ஒரு மணி நேரம் வளைந்துகொடுக்கும். முழுதாக இறுக ஒரு நாள் ஆகும்.

வண்ணம் பிடிப்பதற்காக முதலில் அடிக்கும் அடிப்பூச்சான பிரைமரை 20 முதல் 30 செ.மீ. தொலைவிலிருந்து மெல்லிய படலங்களாகத் தெளிக்க வேண்டும். ஈரப்பதம் மிகுந்த நாளில் தெளித்தால் பரப்பு வெளிறிப் பூத்துவிடும். முதலில் முழுவதும் கறுப்பு, அது உலர்ந்தபின் மேலிருந்து சாய்வாக வெள்ளை எனத் தெளித்தால், நிழல் விழ வேண்டிய இடங்கள் தாமாகவே புலப்படும்.

தோலுக்கு வருவோம். இதயம் நின்றபின் இரத்தம் உடலின் தாழ்ந்த பகுதிகளுக்கு இறங்கித் தேங்குவதால், மல்லாந்து செத்தவனின் பிடரியும் முதுகும் ஊதா நிறம் கொள்ளும், முகம் வெளிறும். பச்சை நிறம் ஓரிரு நாள் கழித்தே, அதுவும் பெரும்பாலும் அடிவயிற்றின் வலப்பக்கத்தில்தான் முதலில் தோன்றும். எனவே நேற்றுச் செத்தவனுக்குப் பச்சை முகம் பொருந்தாது. தோல் நிறத்துடன் சாம்பல் கலந்து, நீர்விட்டு இளக்கி, இரு மெல்லிய பூச்சுகளாகத் தீட்டுங்கள். கண்குழியிலும் நகக்கண்ணிலும் காய விளிம்பிலும் மட்டும் ஊதா வாஷை (பள்ளங்களில் தேங்கும்படி நீர்க்க இளக்கிய வண்ணம்) ஓடவிட்டு, இறுதியில் எலும்பு நிறத்தை டிரை பிரஷ் முறையில், அதாவது வண்ணத்தைப் பெரும்பாலும் துடைத்தெடுத்த தூரிகையால், மேடுகளில் தடவுங்கள். கண்ணுக்குக் கருமணி வேண்டாம். மங்கிய வெள்ளை போதும்.

சீருடையின் நிறமும் தோலின் நிறத்தைக் கட்டுப்படுத்தும். முதல் உலகப் போரின் ஜெர்மானியச் சீருடை சாம்பல் கலந்த பச்சையாக இருந்ததால், அதன்மேல் பச்சைத் தோல் கரைந்து காணாமற்போகும். அங்கே மஞ்சள் வெளிறலோ ஊதாவோ எடுபடும். பிரிட்டிஷ் காக்கியின் பழுப்புக்கு எதிரே சாம்பல்பச்சைத் தோல் நன்றாகப் பிரிந்து தெரியும். துணியை வெளிறச் செய்ய வெள்ளையைக் கலக்காமல் எலும்பு நிறத்தைக் கலப்பது நல்லது, ஏனெனில் வெள்ளை சுண்ணாம்பு பூசியதுபோல் ஆக்கிவிடும். துருவுக்கு, பிய்த்த ஸ்பாஞ்சுத் துண்டால் அடர்பழுப்பை ஒற்றி, அதன் நடுவில் ஆரஞ்சுப் புள்ளிகள் சிலவற்றை வைத்தால் போதும்.

இரத்தத்தை எல்லாவற்றுக்கும் கடைசியாக வைத்துக்கொள்ள வேண்டும். என் முதல் பொம்மையில் இரத்தம் தீட்டிய பிறகு பளபளப்பை அடக்கும் மேட் வார்னிஷ் அடித்தேன். பளபளத்த காயம் காய்ந்த செம்மண்ணாகிவிட்டது. மேட் வார்னிஷ் உலர்ந்த பின்னரே, ஒளி ஊடுருவும் சிவப்பில் (டமியா நிறுவனத்தின் எக்ஸ்-27 என்னும் வண்ணம் இதற்கென்றே செய்ததுபோல் இருக்கும்) துளிப் பழுப்பு கலந்து, வாயோரத்திலும் காயத்தின் ஆழத்திலும் வையுங்கள். பல நாள் ஆன இரத்தமாக இருந்தால் பளபளப்பே தேவையில்லை, அடர்பழுப்பு போதும். இந்தச் சிவப்பு மெல்லத்தான் உலரும் என்பதால், ஓர் இரவு முழுவதும் தூசி படியாமல் ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து மூடி வையுங்கள்.