சடுதிமாற்ற விகிதம்: தந்தைமைச் சோதனைக் கணக்கில் சறுக்கும் இடங்கள்

டர்பனில் ஓர் ஆய்வகத்தில் அம்மா, பிள்ளை, அப்பா என்று சொல்லப்படுபவர் ஆகிய மூவரையும் சோதித்த 1,000 கோப்புகள் இருப்பதாக வைத்துக்கொள்வோம். சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் அதில் உண்டு. ஒரு மரபிடத்தில் (டிஎன்ஏவில் சோதனைக்குப் பார்க்கும் ஓர் இடம்) அம்மாவிடமிருந்து வராத, அப்பாவிடமும் இல்லாத அல்லீல் (அந்த இடத்தின் ஒரு வடிவம்) எத்தனை பிள்ளைகளிடம் இருக்கிறது என்று எண்ணி 1,000-ஆல் வகுத்துவிட்டால் சடுதிமாற்ற விகிதம், அதாவது பெற்றோரிடமிருந்து பிள்ளைக்குப் போகும்போது அல்லீல் எத்தனைக்கு ஒருமுறை மாறுகிறது என்ற கணக்கு, கிடைத்துவிடும் என்றுதான் பலரும் தொடங்குகிறார்கள்.

வகுக்கும் எண்ணே தவறு. 250 பேர் ‘அப்பா இல்லை’ என்று முடிவாகியிருந்தால், தந்தைவழிக்கு மிஞ்சுவது 750தான். அதற்காக அந்த 250 கோப்புகளையும் தூக்கி வீசக் கூடாது. தாய் யாரென்பதில் சந்தேகம் இல்லாதவரை தாய்வழிக் கணக்குக்கு அவையும் சேரும். இரண்டு வழியையும் கலந்து ஒரே விகிதம் சொல்வதும் வேண்டாம். விந்தணு உருவாவதற்குள் நடக்கும் செல்பிரிவுகள் அதிகம் என்பதால், எஸ்டிஆர் மரபிடங்களில் (ஒரு சிறு டிஎன்ஏ துண்டு திரும்பத் திரும்ப வரும் இடங்கள்; இந்தச் சோதனையில் பார்ப்பவை இவைதான்) தந்தைவழி மாற்றம் தாய்வழியைவிடப் பல மடங்கு வரும்.

எனக்கு அதிகம் உறுத்துவது அடுத்தது. 9 மரபிடங்கள் மட்டும் பார்த்த பழைய கோப்பு. ஒன்றோ இரண்டோ பொருந்தவில்லை, மற்றதெல்லாம் பொருந்துகிறது. சரி, சடுதிமாற்றம் என்று எழுதிவிடுகிறார்கள். ஆனால் சோதனைக்கு வந்தவர் அப்பாவாக இல்லாமல் பெரியப்பாவாகவோ சித்தப்பாவாகவோ இருந்தாலும் இதே படம் வரலாம். உடன்பிறந்தவர்களுக்குப் பொதுவான அல்லீல்கள் அவ்வளவு. இப்படிப்பட்ட இரண்டு கோப்புகள் நுழைந்தால் போதும், விகிதம் இரட்டிப்பாகிவிடும். கூடுதல் மரபிடங்களைப் பார்த்து உறுதி செய்யாமல் எண்ணிக்கையில் சேர்க்கவே கூடாது. அதற்காக, பொருந்தாதவற்றை எல்லாம் ‘அப்பா இல்லை’ பக்கம் தள்ளினால் விகிதம் பொய்யாகக் குறையும்.

மறைந்த அல்லீலும் ஏமாற்றும். அல்லீலுக்கு இடும் எண், அந்தச் சிறு துண்டு எத்தனை முறை வருகிறது என்பது. அப்பாவுக்கு 11 மட்டும், பிள்ளைக்கு 14 மட்டும் தெரிகிறது. மூன்று படி (ஒரு துண்டு கூடினாலோ குறைந்தாலோ ஒரு படி) தாண்டிய மாற்றமா? பெரும்பாலும் இல்லை. எஸ்டிஆர் மாற்றங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் ஒரே படிதான். பிரைமர் (சோதனையில் டிஎன்ஏவைப் பெருக்கத் தொடங்கிவைக்கும் சிறு இழை) ஒட்டும் இடத்தில் சிறு வேறுபாடு இருந்து, அப்பாவின் இன்னோர் அல்லீல் பெருகாமலே போயிருக்கலாம்; அதுதான் பிள்ளைக்கும் போயிருக்கும். வேறு பிரைமர் உள்ள சோதனைக் கிட்டில் ஓட்டினால் தெரிந்துவிடும். ஆப்பிரிக்க வம்சாவளி மக்களிடம் மரபணு வேறுபாடு உலகிலேயே அதிகம் என்பதால், டர்பன் போன்ற ஊரில் இந்தச் சரிபார்ப்பைத் தவிர்க்க முடியாது.

கண்ணுக்கே தெரியாத மாற்றங்களும் உண்டு. அப்பா 14, 15. அவருடைய 14, 15 ஆக மாறிப் பிள்ளைக்குப் போனால் யாருக்கும் தெரியாது. அம்மாவைச் சோதிக்காத கோப்புகளில் இப்படி மறைவது இன்னும் அதிகம். அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் என்றால் கேட்கவே வேண்டாம், இருவருக்கும் பொதுவான அல்லீல்கள் நிறைய.

அப்புறம், படிக் கணக்கு. அப்பா 16, 19; அம்மாவிடமிருந்து வராத 17 பிள்ளையிடம். 16-இலிருந்து ஒரு படி என்று எழுதுவது வழக்கம், 19-இலிருந்து இரண்டு படியாகவும் இருக்கலாம். எல்லாவற்றையும் ஒரு படி என்று அனுமானித்துவிட்டு, ‘ஒரு படி மாற்றமே அதிகம்’ என்று அதே தரவைச் சான்றாகக் காட்டுவது சுற்றி வந்த வாதம்.

அப்பாவிடமிருந்து பிள்ளைக்குப் போன 750 கடத்தல்களில் டிபிஓஎக்ஸ் என்ற மரபிடத்தில் மாற்றம் ஒன்றுமே காணவில்லையா? விகிதம் பூஜ்யம் என்று எழுதாதீர்கள். 3-ஐ 750-ஆல் வகுத்தால் 0.4 சதவீதம், அதற்கு மேல் இருக்காது என்று 95 சதவீத நம்பிக்கையோடு சொல்லலாம், அவ்வளவுதான்.