தீக்காய நோயாளியின் அமினோ அமில அளவு: தவிர்க்க வேண்டிய தவறுகள்

தீக்காய நோயாளி தேறுவாரா என்று இரத்தத்தின் அமினோ அமில அளவை வைத்து முன்கணிக்கும்போது, குழாயில் பெயர் மாறுவது போன்ற தவறுகள் விரைவில் கண்ணில் பட்டுவிடும். ஆண்டுக்கணக்கில் திருந்தாத தவறுகளும் உண்டு.

மாதிரியை மேசையில் காக்க வைப்பது

காலை ஆறு மணிக்கு எடுத்த இரத்தம் பத்து மணிக்கு ஆய்வகம் போய்ச் சேர்கிறது. அறிக்கையில் அர்ஜினின், குளுட்டமின் என்ற அமினோ அமிலங்கள் குறைவு. ஆர்னிதின், குளுட்டமேட் கூடுதல். ‘தேறுவது கடினம்’ என்று கோப்பில் எழுதிவிடுகிறார்கள். சிக்கல் இங்கேதான். பெரிய தீக்காயத்தில் அர்ஜினினும் குளுட்டமினும் உண்மையிலேயே குறையும். நோய் தள்ளும் திசையிலேயே தாமதமும் எண்ணைத் தள்ளுவதால் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை.

சிவப்பணு உடைந்தால் அதிலுள்ள அர்ஜினேஸ் நொதி அர்ஜினினை ஆர்னிதினாக மாற்றும். குளுட்டமின் தானாகவே சிதையும். வெள்ளணுக்களிலும் தட்டணுக்களிலும் டாரின் நிறைய. பிளாஸ்மாவை அடிவரை உறிஞ்சினால் அதுவும் கூடிவரும்.

இரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெபரின் குழாயில் எடுத்து உடனே ஐஸ்நீரில் வையுங்கள். 30 நிமிடத்துக்குள் 4 டிகிரி செல்சியஸில் மையவிலக்கியில் சுழற்றி, வெள்ளணுப் படலத்தைத் தொடாமல் மேல் பிளாஸ்மாவை மட்டும் எடுங்கள். சல்ஃபோசாலிசிலிக் அமிலத்தால் புரதத்தைப் படியவைத்து நீக்கி, தெளிந்ததை −80 டிகிரியில் சேமியுங்கள். எடுத்த நேரம், சுழற்றிய நேரம் இரண்டும் குழாயின் மேலேயே இருக்கட்டும்.

பிளாஸ்மா சிவந்திருந்தால் மறுபடி எடுக்கலாம். ஆனால் ஆழமான, பரந்த தீக்காயத்தில் சிவப்பணு உடலுக்குள்ளேயே உடையும். எத்தனை முறை எடுத்தாலும் சிவப்பாகத்தான் வரும். அந்த அர்ஜினின் எண்ணை முன்கணிப்பில் சேர்க்காதீர்கள்.

முதல் நாள் எண்ணை அப்படியே நம்புவது

70 கிலோ எடை, 40% தீக்காயம் என்றால், எடையையும் தீக்காய அளவையும் வைத்துத் திரவத்தைக் கணக்கிடும் பார்க்லண்ட் முறையில் 24 மணி நேரத்துக்கு 11,200 மில்லி திரவம். அதில் பாதி, காயம் பட்ட முதல் 8 மணி நேரத்துக்குள். எல்லா அமினோ அமிலமும் நீர்த்துப்போகும். ஆனால் ஃபீனைல்அலனின், டைரோசின் என்ற இரு அமினோ அமிலங்களின் விகிதத்தை நீர்த்தல் அவ்வளவாகக் கெடுக்காது.

கிரியேட்டினின் பார்க்காமல் சிட்ருலினைப் படிப்பது

சிட்ருலின் என்ற அமினோ அமிலத்தை உண்டாக்குவது குடல், செலவழிப்பது சிறுநீரகம்; சிறுநீரகத்தின் நிலையைக் காட்டுவது கிரியேட்டினின். குடல் பாதிக்கப்பட்டால் சிட்ருலின் குறையும். சிறுநீரகம் தளர்ந்தால் சிட்ருலின் ஏறி, குடலின் பாதிப்பை மறைத்துவிடும்.

அமினோ அமிலமுள்ள சத்துக்கரைசல் ஓடும் வழியில் இரத்தம் எடுப்பது

கூடவே கூடாது.

குறைந்த குளுட்டமினை ஊற்றி நிரப்புவது

குறி வேறு, மருந்து வேறு. 1,200 பேருக்கு மேல் பங்கேற்று 2022-இல் வெளியான ரீ-எனர்ஜைஸ் ஆய்வில், நாளொன்றுக்கு கிலோவுக்கு 0.5 கிராம் குளுட்டமின் கொடுத்தும் நோயாளிகள் உயிரோடு வீடு திரும்பும் காலம் குறையவில்லை.

பாக்ஸ் மதிப்பெண் போடாமல் தொடங்குவது

தீக்காயத்தில் இறப்பு அபாயத்தைக் கணிக்கும் மதிப்பெண் இது. இன்றைய திருத்திய வடிவில் வயது, தீக்காயச் சதவீதம், புகையால் மூச்சுப்பாதை பாதிக்கப்பட்டிருந்தால் மேலும் 17. கூட்டிப்பார்க்க அரை நிமிடம் போதும்.