வால்வு மேல் தப்பில்லை

குலசேகரம் பக்கம் ஒரு ரப்பர் ஆலை. ரப்பரை நீராவியில் வேகவைக்கும் அழுத்தக் கலன்தான் ஆட்டோகிளேவ். அதற்கு நீராவி விடும் கன்ட்ரோல் வால்வு பாதிக்கு மேல் திறக்கவில்லை. ஸ்டெம் (வால்வைத் திறந்து மூடும் தண்டு) இறுகிவிட்டது, கழற்றிவிடலாம் என்றார் ஃபோர்மேன். எனக்கென்னவோ ஒப்பவில்லை. கன்ட்ரோலர், முழுதாகத் திற என்பதற்கான 20 மில்லியாம்ப் மின்சிக்னலை அனுப்புகிறது. அதை ஐ-பி கன்வெர்ட்டர் 15 பிஎஸ்ஐ காற்றழுத்தமாக மாற்றினால்தான் டயாஃப்ரம் (காற்று தள்ளும் வளையும் தகடு) ஸ்பிரிங்கை எதிர்த்து ஸ்டெம்மை முழுதாகத் தூக்கும். கன்வெர்ட்டரிலிருந்து வரும் காற்றை அளக்கும் கேஜிலோ 9 பிஎஸ்ஐதான். காற்றுக் குழாயில் சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன், கசிவில்லை. சரி என்று, கன்வெர்ட்டருக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரின் அடித்திருகைத் திறந்தேன். கட்டஞ்சாயா (பால் சேர்க்காத தேநீர்) நிறத்தில் தண்ணீர் பீறிட்டது! ஆனிச் சாரலில் கம்ப்ரசர் ஈரக்காற்றைத்தானே இழுக்கும்? வடித்து, ஃபில்டர் எலிமெண்டை மாற்றி, கன்வெர்ட்டரின் நாசிலை, அதாவது காற்று போகும் சிறு துளையை, துடைத்தேன். கேஜ் 15ஐத் தொட்டது, வால்வும் முழுசாய்த் திறந்தது. அப்புறம் தினமும் காலை ஷிஃப்டில் அந்தத் திருகைத் திறப்பதுதான் முதல் வேலை.