வில்லனுக்கு நோய் தேடாதீர்கள்: சஸ்பென்ஸ் எழுதுபவர்கள் குற்ற உளவியலில் வழுக்கும் இடங்கள்

சஸ்பென்ஸ் கதை எழுத உட்காரும் பலர் வில்லனுக்கு முதலில் ஒரு நோயைத் தேடிப் பிடிக்கிறார்கள். 'அவன் ஒரு சைக்கோ' என்று முடிவு செய்துவிட்டால், ஏன் கொன்றான் என்று யோசிக்கும் வேலை மிச்சம். கதை சறுக்குவதும் அங்கேதான்.

'சைக்கோ' என்ற ஒரே சொல்லில் நாம் இரண்டு விஷயங்களைப் போட்டுக் குழப்புகிறோம். சைக்கோசிஸ் வந்தவருக்கு நிஜத்தோடு தொடர்பு அறுந்துவிடும்; இல்லாத குரல் கேட்கும். சைக்கோபதி வேறு. அங்கே நிஜம் நன்றாகவே தெரியும், அடுத்தவர் வலிதான் உறைக்காது. சைக்கோபதியை அளக்கக் கனடா உளவியலாளர் ராபர்ட் ஹேர் உருவாக்கிய அளவுகோலில் 20 கூறுகள், மொத்தம் 40 மதிப்பெண். பயிற்சி பெற்றவர்கள் நேர்காணலையும் பழைய ஆவணங்களையும் சேர்த்துப் பார்த்துப் போடும் மதிப்பெண் அது. அதை வைத்துப் பாத்திரத்துக்கு டிக் அடித்துக்கொண்டே போனால் கையில் பட்டியல் இருக்கும், ஆள் இருக்க மாட்டான். மனச்சிதைவு (ஸ்கிசோஃப்ரினியா) உள்ளவரைக் கொலைகாரராக்குவது இன்னும் மோசம். அந்த நோயோடு வாழ்பவர்களில் பெரும்பாலானோர் யாரையும் தாக்குவதில்லை. அவர்கள் வீட்டாரும் நம் கதையைப் படிப்பார்கள்.

நிஜத்தில் கொலைகள் எதற்காக நடக்கின்றன என்று பாருங்கள். 2022-ல் இந்தியாவில் பதிவான கொலை வழக்குகள் 28,522. தேசியக் குற்ற ஆவணக் காப்பகக் கணக்கில் அவற்றில் 9,962-க்குக் காரணம் தகராறு. நிலம், பணம், தண்ணீர், குடும்பச் சண்டை எல்லாம் அதில் அடக்கம். அடுத்த இடம் முன்பகைக்கு.

அப்படியானால் எதைப் படிப்பது? குற்றம் செய்பவர் தனக்குத் தானே சொல்லிக்கொள்ளும் சமாதானத்தை. கிரெஷாம் சைக்ஸ், டேவிட் மாட்ஸா என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1957-ல் இதை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். நம் பேச்சில் சொன்னால்: 'என்னை அப்படி ஆக்கிட்டாங்க.' 'அவங்ககிட்ட இல்லாத பணமா?' 'அவனுக்கு இது வேணும்.' 'போலீஸ் மட்டும் யோக்கியமா?' 'என் தங்கச்சிக்காகத்தான் செஞ்சேன்.'

ஒரு கூட்டுறவுச் சங்கக் காசாளரை நினைத்துக்கொள்ளுங்கள். மகள் கல்லூரிக் கட்டணத்துக்காகப் பணம் எடுக்கிறார். அன்று அவர் மனதில் அது திருட்டு இல்லை, கைமாற்று. 'அடுத்த மாசம் வெச்சிடலாம்.' ஆறு மாதம் கழித்து, 'இருபது வருஷம் உழைச்சவனுக்கு என்ன கொடுத்தாங்க?' கணக்கில் இடிப்பதைச் சக ஊழியர் கண்டுபிடித்த பிறகு, 'அவன் வாயை மூடிட்டு இருந்திருக்கலாம்ல?' இந்த மூன்று வாக்கியங்களுக்கு நடுவில்தான் உங்கள் நாவல் இருக்கிறது. அவர் இன்னமும் தன்னை நல்ல அப்பாவாகத்தான் நினைக்கிறார். எனக்கு நடுக்கம் தருவது அதுதான்.

சரி, சிறையில் இருப்பவர்களின் பேட்டிகளைப் படிக்கலாமா? படிக்கலாம், அப்படியே நம்பக் கூடாது. அமெரிக்காவின் ஹென்றி லீ லூகாஸ் நூற்றுக்கணக்கான கொலைகளை ஒப்புக்கொண்டார். அவற்றில் பெரும்பாலானவற்றை அவர் செய்திருக்கவே முடியாது என்று பிறகு தெரிந்தது. மரண தண்டனை விதிக்கப்பட்ட வழக்கிலேயே, கொலை நடந்த சமயத்தில் அவர் வேறு மாநிலத்தில் வேலையில் இருந்ததாகப் பதிவுகள் இருந்தன. 1998-ல் அது ஆயுள் தண்டனையாகக் குறைக்கப்பட்டது. பேட்டி கொடுப்பவருக்குப் புகழும் கவனிப்பும் கிடைக்கின்றன. அவர் எதைச் சொல்கிறார் என்பதைவிட எதற்காகச் சொல்கிறார் என்று பாருங்கள்.

கண்ணைப் பார்த்தே பொய்யைப் பிடிக்கும் இன்ஸ்பெக்டரையும் விட்டுவிடலாம். ஏராளமான ஆய்வுகளைத் தொகுத்து 2006-ல் வெளியான கணக்குப்படி, பொய்யையும் உண்மையையும் மனிதர்கள் சரியாகப் பிரித்தறிவது சராசரியாக 54 சதவீதம். நாணயம் சுண்டுவதைவிடக் கொஞ்சம் மேல், அவ்வளவுதான். நார்கோ ஊசி போட்டு உண்மையைக் கறக்கும் காட்சியும் அப்படித்தான்: சம்மதமில்லாமல் அந்தச் சோதனை செய்யக் கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2010-லேயே செல்வி வழக்கில் சொல்லிவிட்டது.

அப்புறம், கொலையானவரை மறப்பது. குற்றவாளியையே படித்துப் படித்து, செத்தவர் வெறும் உடலாகிவிடுகிறார். நீதிமன்றத் தீர்ப்புகள் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன. அவற்றில் சாட்சிகள் சொன்னதைப் படியுங்கள். கடைசியாக அவரை எங்கே பார்த்தார்கள், என்ன பேசினார்கள், கொன்றவரை அந்த வீட்டில் அதுவரை எப்படிக் கூப்பிட்டு வந்தார்கள். பல வழக்குகளில் அது ஒரு உறவுப்பெயராக இருக்கும்.